நான்கு ஜூன் விடுமுறைகளும் ஒரு துணிப்பையும்

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை நான்கு வாரம். முதல் வாரம் பிள்ளைகள் தூங்கியே கழித்துவிடுவார்கள். இரண்டாம் வாரம் "அம்மா, போரடிக்குது" ஆரம்பமாகிவிடும். மகளுக்கு இப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஆறு.

முதல் ஆண்டு, கடைத்தொகுதி ஒன்றில் இருந்த உள்ளரங்கு விளையாட்டிடத்துக்குப் போனோம். இருவருக்கும் கட்டணம், பெரியவருக்குத் தனிக் கட்டணம், காலுறை இல்லையென்றால் அதையும் அங்கேயே வாங்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து எண்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது. இரண்டு மணி நேரத்தில் மகன் தூங்கிவிட்டான். அன்றோடு, கட்டணம் இல்லாத இடங்களைத் தேட ஆரம்பித்தேன்.

நாங்கள் அதிகம் போனது தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம். என் மாமியாருக்கு அது இன்றும் 'பூமலை'தான். உள்ளே மர வீடு, தொங்குபாலம், மணல், தண்ணீர் விளையாட்டு எல்லாம் உண்டு. பிள்ளை இல்லாமல் தனியாகப் போனால் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள், அந்த விதி எனக்குப் பிடிக்கும். திங்கட்கிழமை மூடியிருக்கும். இது தெரியாமல் ஒரு திங்களன்று இருவரையும் வாசல் வரை இழுத்துப்போய்த் திரும்பினேன். கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள சிறுவர் தோட்டத்துக்கும் திங்கள் விடுமுறைதான். அங்கே தண்ணீர் பீய்ச்சும் இடம் இன்னும் பெரியது, கூட்டமும் பெரியது. வார இறுதியில் போகாதீர்கள்.

நுழைவு இலவசம் என்றாலும் வெளியே போனால் கை கடிக்கத்தான் செய்யும். காசு கரைவது சாப்பாட்டிலும் மறந்துபோன மாற்றுத் துணியிலும். ஒருமுறை துண்டும் உடையும் எடுக்க மறந்து, பக்கத்துக் கடையில் வாங்கியதில் ஒரு வாரக் காய்கறிச் செலவு போனது. இப்போது கதவருகே ஒரு துணிப்பை தயாராகத் தொங்குகிறது: இரண்டு துண்டு, மாற்று உடை, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர், பிஸ்கட். புளிச்சாதம் மட்டும் காலையில் சேரும். பேருந்தும் எம்ஆர்டி ரயிலும் பெரிய செலவில்லை. ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சலுகை அட்டை இருந்தால் பயணம் இலவசம்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூனில் விடியற்காலையிலோ காலையிலோ சுமத்ரா பக்கத்திலிருந்து திடீரென்று புயல்காற்றோடு மழை கொட்டும். இடி மின்னல் என்றால் தண்ணீர் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளுக்கென்று கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தை வைத்திருக்கிறேன். 2015இல் திறந்தது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். அங்கே ஒரு செட்டிநாட்டு வாசல் இருக்கிறது, ஆயிரக்கணக்கான நுண்ணிய செதுக்கல்களோடு. மகள் அதன் முன் நின்று உருவங்களை எண்ண ஆரம்பித்தாள். இருநூறைத் தாண்டியதும் மகனுக்குப் பொறுமை போய்விட்டது. அப்புறம் தேக்கா உணவங்காடியில் ஆளுக்கொரு பரோட்டா.

பிள்ளைகள் இன்றுவரை பேசுவது புலாவ் உபின் தீவைப் பற்றித்தான். சாங்கி முனையில் படகு, ஆளுக்கு நான்கு வெள்ளி. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். வார நாளில் ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும், நாங்கள் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரொக்கம் எடுத்துப் போங்கள். தீவில் காட்டுப்பன்றி குட்டிகளோடு சாலையைக் கடந்தது. மகன் அன்று முழுக்க வேறு எதையும் பேசவில்லை. குரங்குகள் பையைப் பார்த்ததும் வந்துவிடும், எங்கள் பிஸ்கட் பொட்டலம் ஒன்று அப்படித்தான் போனது. தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புநிலம் வரை நடப்பது சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம். பாதி வழியில் மகனைத் தோளில் தூக்கிய என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். நான்கு பேருக்குப் போக வரப் படகுக்கே முப்பத்திரண்டு வெள்ளி. ஆண்டுக்கு ஒருமுறை என்றால் சரி.

மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் பட்டம் விடலாம். நிழல் கிடையாது, மாலை ஐந்துக்கு மேல் போவதே நல்லது. பொது நீச்சல் குளத்துக்குக் கட்டணம் ஒரு கோப்பி விலைதான். ஆனால் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும்.

இந்த விடுமுறைக்கு மாமியாரும் வருகிறேன் என்கிறார். உபின் என்றால் "படகா? வேணாம்மா" என்கிறார். பூமலை என்றால் உடனே கிளம்பத் தயார்.