சுங்கை தெங்காவில் வாங்கிய இட்லிப்பூச் செடி: கடைக்கு நாலு நட்சத்திரம், டெலிவரிக்கு ஒன்று

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டு காரிடாரில் காலை வெயில் பதினொன்றரை வரை சுள்ளென்று விழும், இட்லிப்பூவுக்கு அது தாராளம். அதனால் சுங்கை தெங்கா பக்கம் ஒரு செடிக்கடையில் குட்டை ரகச் சிவப்பு இரண்டு வாங்கினேன், ஒன்று 12 வெள்ளி. டெலிவரிக்கு 25! அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய வெட்சி இதுதான், என் வீட்டுக்கு அது ஒரு கிளை ஒடிந்து, காரிடார் முழுக்க மண்ணைக் கொட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

செடியில் குறையில்லை, குறை என்னிடம். வேர் பையைச் சுற்றி முறுக்கிக் கிடந்ததால் பெரிய தொட்டிக்கு மாற்றினேன், கழிவறை ரெனவேஷனில் மிஞ்சிய மணலை வீணாக்குவானேன் என்று அதையும் கலந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் தளிரெல்லாம் எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரம் போட்டேன், தண்ணீர் ஊற்றினேன், ம்ஹூம்.

சரி, நாலு இலையைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போனேன். சீன அங்கிள் ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சிமென்ட் ஏதும் கலந்தாயா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அந்த ரெனவேஷன் மணலில் சிமென்ட் கலந்திருந்ததே! இந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டுமாம், சிமென்ட் சுண்ணாம்பு சேர்ந்தால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் இழுக்க முடியாதாம். புதுச்செடியை என் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. பீட் (மக்கிய பாசி, புளிப்பானது) கலந்த மண் ஒரு மூட்டை, கீலேட் செய்த இரும்பு, அதாவது வேர் சுலபமாக இழுக்கும் வடிவில் உள்ள இரும்பு, ஒரு சின்னப் பாக்கெட், அவ்வளவுதான் விற்றார். பழைய மண்ணை உதறிவிட்டு மாற்றிய ஆறு வாரத்தில் கரும்பச்சைத் தளிர் வந்தது, பழைய மஞ்சள் இலைகள் கடைசிவரை தேறவில்லை.

வெட்டுவதற்கும் அவரே வழி சொன்னார்: பூ கிளை நுனியில்தான் வரும், அதனால் கொத்து வாடியதும் அதற்குக் கீழே வெட்டு, சும்மா சும்மா கத்தரித்தால் மொட்டுத்தான் போகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதே, தண்ணீர் தேங்கிக் கொசு வரும் என்றார். அப்புறம், காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் இரண்டு தொட்டிக்கு மேல் எனக்கு இடமில்லை, இருந்தும் மஞ்சள் இட்லிப்பூ ஒன்று கண்ணிலேயே நிற்கிறது. அம்மா வீட்டு வாசலில் வைக்கலாம். இந்த முறை டெலிவரி வேண்டாம், தம்பியின் கார் இருக்கிறது.