டிரம்பெட் மவுத்பீஸ்: உதடு சீக்கிரம் களைக்காமல் இருக்க எதை வாங்கலாம்?

சிங்கப்பூர்ப் பள்ளி பேண்டுகளில் டிரம்பெட் எடுக்கும் பிள்ளைகளின் கைக்கு முதலில் வரும் மவுத்பீஸ், அதாவது கருவியில் உதட்டை வைத்து ஊதும் கழற்றக்கூடிய முனை, பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பாக் 7சி, இல்லாவிட்டால் யமஹா 11பி4. கருவி பள்ளிக்கூடத்துடையது; பெட்டிக்குள் இருந்த மவுத்பீஸையே எல்லாரும் ஊதிப் பழகுகிறார்கள். உயர்நிலை இரண்டு, மூன்றுக்குப் போய், சிங்கப்பூர் இளையர் விழாவுக்கான ஒத்திகைகள் நீள ஆரம்பித்த பிறகுதான் கேள்வி வரும். "அண்ணா, பாதி ஒத்திகையிலேயே உதடு மரத்துப்போகுது. வேற மவுத்பீஸ் வாங்கினா சரியாகுமா?"

ஓரளவுக்குச் சரியாகும். ஆனால் கடைக்குப் போகும் பிள்ளைகள் பலர் கப்பின், அதாவது மவுத்பீஸுக்குள் கிண்ணம் போல இருக்கும் குழியின், ஆழத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வசதிக்கும் நீடித்து ஊதுவதற்கும் முதலில் பார்க்க வேண்டியது ரிம், அதாவது உதடு வந்து உட்காரும் வளையம். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

காரணம் எளிது. நாகஸ்வரத்தில் அதிர்வது சீவாளி. அது ஒத்துவராவிட்டால் வித்வான் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்வார். டிரம்பெட்டில் சீவாளியே நம் உதடுதான். அதை மாற்ற முடியாது. ரிம் அதை அழுத்தும்போது ரத்த ஓட்டம் குறைகிறது, வாயைச் சுற்றியுள்ள தசை சோர்கிறது, சோர்ந்ததும் இன்னும் அழுத்தத் தோன்றுகிறது. அகலமான ரிம் அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும்; குறுகலான ரிம் ஒரே கோட்டில் குவிக்கும். உள்விளிம்பு கூர்மையாக இருந்தால் ஸ்வரம் பளிச்சென்று தொடங்கும், ஆனால் உதட்டில் வெட்டும். உருண்டையாக இருந்தால் உதடு தாராளமாக நகரும், தொடக்கம் சற்று மழுங்கும். இரண்டையும் முழுதாகத் தரும் ரிம் கிடையாது.

சரி, கடையில் போட்டியிடும் மாடல்களுக்கு வருவோம். பாக் 7சி, 5சி, 3சி. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன டிரம்பெட் கலைஞர் வின்சென்ட் பாக் 1918இல் நியூயார்க்கில் தொடங்கிய தொழில் அது. அவர் வைத்த எண் முறையில் எண் குறையக் குறைய மவுத்பீஸின் வாய், அதாவது ரிம்முக்கு நடுவே இருக்கும் திறப்பு, பெரிதாகும். எழுத்து ஏ என்றால் ஆழம், சி நடுத்தரம், இ ஆழம் குறைவு. பட்டியலில் உள்விட்டத்தைப் பாருங்கள்: 7சி 16.20 மில்லிமீட்டர், 5சி 16.25, 3சி 16.30. ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவே வெறும் 0.1 மில்லிமீட்டர்தான். ஆனாலும் மூன்றையும் வரிசையாக வாயில் வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று மாதிரி இருக்கும். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ரிம்மின் வளைவிலிருந்து வருகிறது.

7சி-யின் உள்விளிம்பு கொஞ்சம் கூர்மை. புதிதாக ஊதுபவருக்கு அது உதவி, ஸ்வரம் தெளிவாகத் தொடங்கும். ஆனால் அழுத்தி ஊதும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு ஒத்திகை முடியும்போது உதட்டில் வளையம் பதிந்திருக்கும். 5சி-யின் ரிம் உருண்டை. வெட்டாது, உதடு சுலபமாக நகரும். லிப் ஸ்லர், அதாவது வால்வை மாற்றாமல் உதட்டாலேயே ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பயிற்சிகள், அதில் இதமாக வரும். 3சி கொஞ்சம் விசாலம், ஒலி நிறைவாக வரும், பேண்டில் மற்றவர்களோடு கலந்து ஒலிக்கும்.

என் தேர்வைக் கேட்டால், 7சி உறுத்துகிறது என்று சொல்லும் பள்ளி மாணவருக்கு முதலில் 5சி, ஒலி மெலிந்து தெரிந்தால் 3சி. முதல் டிரம்பெட் வரிசையில் உட்கார்ந்து மேல் ஸ்தாயியில் நிறைய வாசிக்கும் பிள்ளைக்கும் இதையே சொல்வேன். ஒரு எச்சரிக்கை: ஒரே எண் பொறித்த இரண்டு பாக் மவுத்பீஸ்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் என்று நம்பி, நண்பனுடையதை ஊதிப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்க வேண்டாம். வாங்கப்போகும் அந்த ஒன்றையே ஊதிப் பாருங்கள்.

யமஹாவின் எண் முறை பாக் முறைக்கு நேர்மாறு. எண் கூடக் கூட வாய் பெரிதாகும்; ஏ ஆழம் குறைவு, இ ஆழம். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். அடுத்து வரும் எண் ரிம்மின் வடிவம்: சிறிய எண் உருண்டை, பெரிய எண் தட்டை. 11பி4-இன் உள்விட்டம் 16.46 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து 'பாக் 3சி-யை விடப் பெரிதாயிற்றே' என்று மலைக்க வேண்டாம். கப்பின் எந்த ஆழத்தில் அளக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாயில் வைத்தால் 11பி4 கிட்டத்தட்ட 7சி-யின் இடத்தில்தான் நிற்கும். ஒரே கம்பெனிக்குள் மட்டும் எண்களை ஒப்பிடுங்கள். 14பி4-இன் உள்விட்டம் 16.88. தடித்த உதடு உள்ளவர்களுக்கும், 11பி4-இல் உதடு நெருக்கிக்கொண்டு நிற்பதாக உணர்பவர்களுக்கும் அது நல்ல அடுத்த படி. மெல்லிய உதடு இருந்தால் 11பி4-ஐ விட்டு அவசரமாக ஓட வேண்டிய அவசியமே இல்லை. யமஹாவின் ரிம் பொதுவாக 7சி-யை விட உதட்டுக்கு இதமாக இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

இனி பிள்ளைகளை ஆசை காட்டி இழுக்கும் ஷில்கி 14ஏ4ஏ. ஷில்கியின் குறிகளும் யமஹா போலத்தான்: வாய் சின்னதில்லை, ஆனால் கப் ஆழமில்லை, பின்துளை, அதாவது கப்புக்குப் பின்னால் காற்று போகும் வழி, குறுகல். மேல் ஸ்வரங்கள் சுலபமாக வரும், ஒலி கூராக, பிரகாசமாக இருக்கும். இந்த மாதிரி மவுத்பீஸைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே இரண்டு ஸ்வரம் மேலே ஏறிவிடும். அதனால் உதடு பலமாகிவிட்டது என்று தோன்றும். ஆகவில்லை. நீண்ட ஒத்திகையில் உதடு வீங்கும். வீங்கிய உதடு ஆழமில்லாத கப்பின் அடியைத் தொட்டால் ஒலி அப்படியே நின்றுபோகும். கீழ் ஸ்தாயி மெலியும், சுருதி மேலே ஏறும். இளையர் விழா மேடையில் கிளாரினெட்டோடு சேர்ந்து மெதுவான பகுதி வாசிக்கும்போது அது நன்றாகவே வெளியே தெரியும்.

ஆனால் இது கெட்ட பொருள் இல்லை, வேறு வேலைக்கான பொருள். தீபாவளி நிகழ்ச்சிகளில் மெல்லிசைக் குழுவோடு மேடையேறி, பாட்டுக்குப் பாட்டு உச்சத்தில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு) வாசிக்கும் வளர்ந்த கலைஞருக்கு இது உண்மையிலேயே களைப்பைக் குறைக்கும், ஏனென்றால் அவருக்குத் தேவையான அந்தக் கூர்மையான ஒலியை இது குறைந்த உழைப்பில் தருகிறது. டிரம்பெட் கலைஞர் பாபி ஷூவின் பெயரில் யமஹா தரும் 'பாபி ஷூ லீட்' மாடலும் இதே வழியில் வந்தது. அடிப்படை ஊதல் உறுதியானவர்கள் இரண்டாவது மவுத்பீஸாக வைத்துக்கொள்ளலாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரே மவுத்பீஸாக வாங்கித் தராதீர்கள்.

எதிர்த்திசையில் பாக் 1½சி. 17 மில்லிமீட்டர் வாய், ஆர்க்கெஸ்ட்ரா ஒலி. அருமையான ஒலிதான். ஆனால் உதட்டின் பெரும்பகுதியை ரிம்மின் துணையில்லாமல் நீங்களே பிடித்து நிறுத்த வேண்டும். தினமும் ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்குச் சரி. வாரத்துக்கு இரண்டு நாள் பேண்டில் மட்டும் ஊதுபவருக்கு இது களைப்பை விலை கொடுத்து வாங்குவது.

கடையில் எப்படிப் பார்ப்பது? மேல் ஸ்வரத்தை எட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சொந்தக் கருவியைக் கொண்டுபோங்கள். மவுத்பீஸ் குழாயில் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதும் ஊதும் உணர்வை மாற்றும். முதலில் நடு ஸ்தாயியில் மெல்லிய நீண்ட ஸ்வரங்கள். அவை காற்று மட்டும் போகாமல் உடனே ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் லிப் ஸ்லர். அப்புறம் நீங்கள் எப்போதும் வாசிக்கும் மெதுவான பாட்டு ஒன்று. கடைசியில், கொஞ்சம் களைத்த பிறகு, பழைய மவுத்பீஸையும் புதியதையும் மாற்றி மாற்றி ஊதுங்கள். புத்துணர்ச்சியான உதட்டுக்கு எல்லாமே இதம்தான். களைத்த உதடுதான் வித்தியாசத்தைச் சொல்லும். வாங்கிய பிறகு இரண்டு மூன்று வாரம் அதிலேயே நில்லுங்கள். இளையர் விழாவுக்கு முந்தைய வாரம் மாற்றவே மாற்றாதீர்கள். ஊதிய நேரத்துக்கு ஈடாக ஓய்வு கொடுப்பதும், மூச்சைச் சரிசெய்வதும் இந்த எந்த மவுத்பீஸையும் விட அதிகம் உதவும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பூச்சைப் பற்றியும் கேட்பார்கள். வெள்ளிப் பூச்சு பெரும்பாலானோருக்குப் போதும். அது தேய்ந்து உள்ளிருக்கும் பித்தளை தெரிய ஆரம்பித்தால் சிலருக்கு உதடு அரிக்கும், சிவக்கும். பள்ளியில் கைமாறிக் கைமாறி வந்த பழைய மவுத்பீஸ்களில் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அப்படி அரித்தால் மாடல் எண்ணை மாற்ற வேண்டாம், அதே மாடலைப் புதிதாகவோ தங்கப் பூச்சிலோ வாங்குங்கள். தங்கம் தோலுக்கு இதமானது, உதடு வழுக்கிக்கொண்டு நகரும். நம் ஊர் வெயிலில் வியர்த்த உதட்டுக்கு அந்த வழுக்கல் சிலருக்கு அதிகமாகப் படலாம். அணிவகுப்பில் நடந்துகொண்டே வாசிப்பவர்களுக்கு கெல்லியின் பிளாஸ்டிக் மவுத்பீஸ் இருக்கிறது. வெயிலில் உலோகம் மாதிரிச் சுடாது, கீழே விழுந்தாலும் நசுங்காது, ஒலி கொஞ்சம் கூர் குறையும். திடலுக்கு அதை வைத்துக்கொண்டு, அரங்கத்துக்கு 5சி-யையோ 3சி-யையோ வைத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரே அளவாக இருக்கும்படி பார்த்து வாங்கினால்.