திரைப்பதிவுப் பாடம்: ஓபிஎஸ் + எச்5பி கூட்டா, கேம்டேசியாவா?

கணக்கு மென்பொருளான டேலியில் வவுச்சர் போடுவதைப் பாடமாக்க வேண்டும். நடுவில் வீடியோ நின்று கேள்வி கேட்க வேண்டும், மதிப்பெண் இணையவழிப் பாடத் தளமான மூடுலில் ஏற வேண்டும். இலவசமான ஓபிஎஸ் ஸ்டுடியோவில் பதிந்து, மூடுலில், வீடியோவுக்குள் கேள்வி வைக்கும் கருவியான எச்5பி மூலம் கேள்வி செருகலாம். அல்லது பதிவு, வெட்டு, கேள்வி மூன்றையும் கட்டண மென்பொருளான கேம்டேசியாவிலேயே முடிக்கலாம்.

பதிவு வசதியில் கேம்டேசியாதான் முந்துகிறது. மவுஸ் சுட்டியைத் தனியே சேமிப்பதால், அதைப் பிறகும் பெரிதாக்கலாம். ஓபிஎஸ்ஸில் சுட்டி படத்தோடு ஒட்டிவிடும். விண்டோஸ் அமைப்பில் முன்கூட்டியே பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வெட்டும் வசதியும் ஓபிஎஸ்ஸில் இல்லை. மூன்று, நான்கு நிமிடத் துண்டுகளாகப் பதிந்தால், தவறிய துண்டை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.

ஓபிஎஸ்ஸில் பதிவதானால்: நொடிக்கு 30 ஃப்ரேம், மைக் உச்சம் −12 முதல் −6 டெசிபலுக்குள். 1920×1080 திரையை 1280×720-க்குச் சுருக்கினால் டேலியின் பொடி எழுத்து மங்கும். திரையையும் பதிவையும் ஒரே அளவில் வையுங்கள். பதிவு எம்கேவி வடிவத்தில் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும். சாதாரண எம்பி4 பெரும்பாலும் திறக்காது. எச்5பி எம்கேவியை ஏற்காது என்பதால், ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் (கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றும் வசதி) கொடுத்து எம்பி4 ஆக்குங்கள். இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் திரை கறுப்பாகவே பதிவானால், விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸைப் 'பவர் சேவிங்'குக்கு மாற்றிப் பாருங்கள்.

ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பதிவு அல்ல, கேள்வி இருக்கும் இடம். கேம்டேசியா கேள்வியைப் பாடப் பொதிக்குள் வைத்துக் கட்டுகிறது. வெறும் எம்பி4 ஆக எடுத்து யூடியூபில் ஏற்றினால் கேள்வி வேலை செய்யாது. ஸ்கார்ம் (பாடத் தளங்கள் ஏற்கும் பொதுவான பொதி வடிவம்) ஜிப்பாக எடுத்து மூடுலில் ஏற்ற வேண்டும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தவும் மறு ஏற்றுமதி, மறு பதிவேற்றம்தான். எச்5பி-யில் கேள்வி வீடியோவின்மேல் தனி அடுக்கு. பிரவுசரிலேயே திருத்தலாம், விடை தவறினால் மாணவரை வீடியோவின் முந்தைய இடத்துக்கு, உதாரணமாக 1:40-க்கு, திருப்பி அனுப்பலாம். வீடியோவை மாற்றினாலும் கேள்விகள் அப்படியே நிற்கும், நேரத்தைத்தான் சரிபார்க்க வேண்டும். டேலியின் திரை புதிய பதிப்பில் மாறும்போது இதன் அருமை தெரியும். மதிப்பெண் ஏற்றும் எச்5பி செயல்பாடு மூடுல் 3.9 முதல் உள்ளேயே வருகிறது.

தமிழில் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வி வைத்தால், மாற்று விடைகளையும் சாய்கோடிட்டுக் கொடுங்கள்: *கோப்பு/ஃபைல்*. இல்லாவிட்டால் சரியான விடைக்கும் பூஜ்யம் விழும்.

சர்வரின் பதிவேற்ற வரம்பு சிறிதென்றால் யூடியூப் இணைப்பையே எச்5பி-யில் கொடுக்கலாம். 'அன்லிஸ்டட்' ஓடும், 'பிரைவேட்' மாணவருக்குத் திறக்காது.

மூடுல் இருந்தால் ஓபிஎஸ்ஸும் எச்5பி-யும் போதும். கேம்டேசியாவுக்குப் பணம் கொடுப்பது, வாரத்துக்குப் பல பாடம் வெட்டி ஒட்டுபவருக்கே கட்டுப்படியாகும்.