தொப்பியா, எண்ணெயா, ஷாம்பூவா? நீச்சல் போகிறவளின் கூந்தல் கணக்கு

முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னார். வாரம் நான்கு நாள், காலை ஆறு மணி பேட்சில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் முட்டி தேறிவிட்டது. இடுப்புவரை இருந்த முடிதான் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "கேப் போட்டா போதும் மேடம், முடிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கோச். "எண்ணெய் வைக்காம தண்ணில இறங்கினா இப்படித்தான்மா ஆகும்" என்றார் மாமியார். மருந்துக்கடைப் பையன் நீச்சல்காரர்களுக்கென்றே தனி ஷாம்பூ இருக்கிறது என்று ஒரு பாட்டிலை நீட்டினான். இரண்டு வருடமாக மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். மூன்று பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். ஒழுங்காகப் பராமரிக்கும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும். அளவு சின்னதுதான். ஆனால் அது முதலில் முடியின் மேலுள்ள இயற்கையான எண்ணெய்ப்பசையைத் துடைத்து எடுக்கிறது, அப்புறம் முடியின் புரதத்திலும் கருநிறத்திலும் கைவைக்கிறது. போதாததற்குக் குளத்து நீரின் பி.எச். 7.2 முதல் 7.8 வரை, அதாவது லேசான காரம். முடிக்குப் பிடித்தது லேசான அமிலம். காரம் பட்டால் முடியின் மேலிருக்கும் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. தடவினால் சொரசொரப்பதும், சிக்கு விழுவதும், வெயிலில் செம்பட்டையாகத் தெரிவதும் இதனால்தான். இன்னொரு விஷயம், காய்ந்த முடி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குடிக்கும். முதலில் குடிப்பது எந்தத் தண்ணீர் என்பதில்தான் பாதி விவகாரம் இருக்கிறது.

தொப்பிக்கு வருவோம். கடையில் மூன்று வகை கிடைக்கும். லைக்ரா துணித் தொப்பி போட்டுக்கொள்ள சுகமானது, தலையை இறுக்காது. ஆனால் தண்ணீர் தாராளமாகப் புகும். முடி முகத்தில் விழாமல் இருக்க மட்டுமே அது உதவும். லேடெக்ஸ் மெல்லிசு, விலையும் குறைவு. கழற்றும்போது பத்து முடியாவது கூடவே வரும். சிலருக்கு ரப்பர் ஒவ்வாமையும் உண்டு. தலையில் எண்ணெய் இருந்தால் லேடெக்ஸ் சீக்கிரமே நைந்து கிழியும். மாமியார் சொல்வதையும் கோச் சொல்வதையும் ஒரே நாளில் கேட்டு நான் முதல் தொப்பியை அப்படித்தான் இழந்தேன். சிலிக்கான் கொஞ்சம் தடிமன், விலையும் அதிகம். ஆனால் முடியைப் பிடித்து இழுக்காது, வருடக்கணக்கில் உழைக்கும். என் ஓட்டு சிலிக்கானுக்கே. நீளமான முடி இருப்பவர்கள் சாதாரண அளவை வாங்கிவிட்டு முழிக்க வேண்டாம். கொண்டைக்கு இடம் விட்டுத் தயாரித்த பெரிய அளவு தனியாகவே இருக்கிறது. கறுப்பின மக்களின் அடர்ந்த சுருள்முடிக்காக வந்த சோல் கேப் என்ற பெரிய தொப்பிக்கு 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் சர்வதேச நீச்சல் சம்மேளனம் அனுமதி மறுத்து, எதிர்ப்பு வந்த பிறகு 2022இல் அனுமதித்தது. எல்லாத் தலையும் ஒரே அளவு என்று நினைப்பவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

கோச் சொன்னதில் எங்கே ஓட்டை என்றால், எந்தத் தொப்பியும் தண்ணீர் புகாத தொப்பி இல்லை. நீச்சல் வேகம் குறையாமல் இருக்கவும், குளத்தின் ஃபில்டரில் முடி போய் அடைக்காமல் இருக்கவும்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது. நெற்றியோரம், காதோரம், பிடரி வழியாக நீர் உள்ளே வந்தே தீரும். உள்ளே வந்தது அதிகம் மாறாமல் அங்கேயே தங்குவதால், திறந்த தலையைவிடச் சேதம் குறைவு. அவ்வளவுதான்.

அதனால் என்னைப் பொறுத்தவரை உண்மையான போட்டி தொப்பிக்குள் என்ன வைப்பது என்பதில்தான். தேங்காயெண்ணெய், கண்டிஷனர், வெறும் தண்ணீர், இந்த மூன்றும்தான் களத்தில் இருக்கின்றன.

முடிக்கு மட்டும் பார்த்தால் தேங்காயெண்ணெய்தான் ஜெயிக்கும். இது பாட்டி பாசத்தில் சொல்வதல்ல. இதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். அதன் மூலக்கூறு சின்னது, நேரானது, அதனால் முடியின் உள்ளேயே இறங்கும். மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டோடும் ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். உள்ளே எண்ணெய் இருந்தால் முடி அவ்வளவு தண்ணீரைக் குடித்து ஊதிப்போவதில்லை.

ஆனால் குளத்துக்கு அது ஆகாது. தலையில் எண்ணெய் வழிய இறங்கினால் அது நீர்மேல் படலமாக மிதக்கும், ஃபில்டரைப் பிசுக்காக்கும், குளோரினையும் தின்றுவிடும். குளோரின் குறைந்தால் இன்னும் கொட்டுவார்கள். அது திரும்பவும் நம் தலைக்குத்தான் வரும். குளத்து வாசலில் "எண்ணெய் தேய்த்து இறங்காதீர்கள்" என்று பலகை வைப்பது வெட்டி அதிகாரம் என்று நானும் நினைத்தேன். இப்போது பலகை பக்கம்தான் நிற்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. முந்தின இரவே ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதுவும் காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும். உச்சந்தலைக்கு வேண்டாம். இரவு முழுக்க ஊறியதும் காலையில் பழைய துண்டால் பின்னலை இறுக்கித் துடைத்துப் பார்ப்பேன். துண்டில் எண்ணெய்க் கறை பட்டால் அளவு அதிகம், அன்று லேசாக ஷாம்பூ போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். கறை இல்லையென்றால் அப்படியே போகலாம்.

கண்டிஷனர் சோம்பேறிகளின் தேர்வு. நானும் பல நாள் அந்தக் கட்சிதான். குளத்து ஷவரில் தலையை நனைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு கண்டிஷனரை நுனிப்பக்கம் தடவி, கொண்டை போட்டு மேலே சிலிக்கான் தொப்பி. முடி வழவழவென்று இருக்கும், கழற்றும்போது சிக்கு விழாது. எண்ணெய் போல உள்ளே இறங்கிக் காப்பாற்றாது, மேல்பூச்சுதான். நெற்றி ஓரத்தில் பட்டால் குளத்தை நாலாவது முறை கடக்கும்போதே தொப்பி நழுவிக் கண்ணுக்கு வரும்.

வெறும் தண்ணீரை யாரும் மதிப்பதில்லை. காசில்லாததுக்கு மதிப்பு ஏது? ஷவரில் ஒரு நிமிடம் நின்று முடியை நன்றாக நனைத்துவிட்டால், அது நல்ல தண்ணீரைக் குடித்து வயிறு நிரம்பிவிடும். குளத்து நீருக்கு இடம் குறைகிறது. எண்ணெயும் இல்லை, கண்டிஷனரும் இல்லை என்றாலும் இதை மட்டும் நான் விடுவதில்லை. காய்ந்த தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு குதிப்பதுதான் படுமோசமான சேர்க்கை.

குளத்தைவிட்டு ஏறிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் பணம் அதிகம் கரைகிறது. குளோரினை முறிப்பதாகச் சொல்லி வைட்டமின் சி ஸ்பிரே விற்கிறார்கள். பொய்யில்லை. வைட்டமின் சி குளோரினை உடனே முறிக்கும். ஒரு பங்கு குளோரினுக்கு எடையில் சுமார் இரண்டரை பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிழிந்தபின் என் முடியில் அதிகம் போனால் ஒரு டம்ளர், 200 மில்லி தண்ணீர் தங்கும். அதிலுள்ள குளோரின் 0.6 மில்லிகிராமைத் தாண்டாது. முறிக்கத் தேவை 1.5 மில்லிகிராம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று இதற்கு முந்நூறு மடங்குக்கும் மேல். அதற்கு ஏன் அழகான பாட்டில்? அஸ்கார்பிக் அமிலப் பொடி கிடைத்தால் ஒரு சிட்டிகையை ஒரு மக் தண்ணீரில் கலந்து ஊற்றி அலசலாம். அவ்வப்போது கலக்க வேண்டும், வைத்திருந்தால் மஞ்சளாகிச் செத்துவிடும். நல்ல தண்ணீரில் உடனே நன்றாக அலசுகிறவர்களுக்கு இதுவும் அவசியமில்லை. நான் வாசனை போகாத நாட்களில் மட்டும் செய்கிறேன்.

சீயக்காயைப் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு அதன் மேல் பாசம் உண்டு, லேசான அமிலம் என்பதால் முடிக்கும் இதம். ஆனால் காலை ஏழரைக்கு ஆபீஸ் ஓடுகிறவள், பொது ஷவரில் நின்று பொடியை அலசி எடுக்க முடியாது. அது ஞாயிற்றுக்கிழமைக்கு.

மருந்துக்கடைப் பையனின் ஷாம்பூவை நான் முதலில் ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். இந்த வகையில் இ.டி.டி.ஏ. போன்ற ஒரு பொருள் கூடுதலாக இருக்கும். முடியில் ஒட்டிய உலோகங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது அதன் வேலை. குளத்தில் பாசி வராமல் இருக்கச் செம்புக் கலவை போட்டால், அந்தச் செம்பு முடியில் ஒட்டிப் பச்சையடிக்கும். பலரும் குளோரின்தான் பச்சைக்குக் காரணம் என்கிறார்கள், அது தப்பு. கறுப்பு முடியில் பச்சை தெரியாது. எங்கள் பேட்சில் முழுக்க நரைத்த ஒரு அம்மாவுக்கு நெற்றியோரம் பாசி படிந்த மாதிரி ஆகிவிட்டது, அவருக்கு இந்த ஷாம்பூ இரண்டே குளியலில் பலன் தந்தது. எனக்குப் பலன் கிடைத்தது வேறு காரணத்துக்காக. சென்னையில் எங்கள் வீட்டில் போர் தண்ணீர். குழாயடியில் வெள்ளையாகப் படியும் அதே கால்சியம் என் தலையிலும் படிந்துகொண்டிருந்தது. பாதிப் பழியைக் குளத்தின் மேல் போட்டுவிட்டு நான் வீட்டுத் தண்ணீரை விட்டுவிட்டேன். இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை அந்த ஷாம்பூ, மற்ற நாட்களில் சாதாரணமான மென்மையான ஷாம்பூ, எப்போதும் பின்னாலேயே கண்டிஷனர். தினமும் அந்த ஷாம்பூவையே போட்டால் முடி இன்னும் வறண்டுவிடும்.

டை அடிக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். குளோரின் நிறத்தை வெளுக்கும், தொப்பி அதைத் தள்ளிப்போடும், தடுக்காது. ஈர முடியை நெருக்கமான பல் சீப்பால் வாராமல் விரலாலோ அகலப் பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். ஈரத்தோடு கொண்டை போட்டு ஆபீஸ் போகாதீர்கள், மதியத்துக்குள் நாறும்.

கத்தரிக்கோலையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் நாசமான நுனியை எந்த எண்ணெயும் திருப்பித் தரவில்லை. நாலு அங்குலம் வெட்டினேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "உக்காரு, காதுக்குக் கீழதானே?" என்றார்.