ஆஸ்மோ பாக்கெட் 3: பயணத்துக்கு எடுக்கலாமா?

டிஜேஐ நிறுவனத்தின் கையடக்க வீடியோ கேமராவான ஆஸ்மோ பாக்கெட் 3 வெளிவந்தது 2023 அக்டோபரில். எடை 179 கிராம்தான். நடந்தே ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது அருமையான கேமரா. உச்சிவெயிலும் தண்ணீரும்தான் இதற்கு ஆகாது. வெயிலைச் சமாளிக்க வழி உண்டு, தண்ணீரைத் தாங்கும் திறன் இதற்குக் கிடையாது.

முதலில் வெயில். லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு எஃப் 2 என்று நிலையானது, சுருக்க முடியாது. நண்பகலில் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறன்) 50க்கு இறக்கினாலும் ஷட்டர் வேகம் கிட்டத்தட்ட 1/3200 நொடிக்குப் போய்விடும். அப்போது நடப்பவர்களும் ஓடும் வண்டிகளும் வெட்டி வெட்டி நகர்வதுபோல் தெரியும். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 இருப்பதுதான் கண்ணுக்கு இயல்பு. அதற்கு லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் வேண்டும். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், மாட்ட இரண்டு நொடி. மேகமூட்டத்துக்கு என்டி 16 போதும். கேமராவோடு சேர்த்தே இந்த ஃபில்டர்களை வாங்கிவிடுங்கள். செல்ஃபி ஸ்டிக்கெல்லாம் அப்புறம்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள். இருட்டிய பிறகு ஐஎஸ்ஓ உச்சவரம்பை 1600இல் வைத்தால் போதும். படத்தைப் பதியும் சென்சார் 1 இன்ச் என்பதால் இரவுச் சந்தை, தெருவிளக்கு எல்லாம் புள்ளி தட்டாமல் வரும். சிறிய சென்சார் உள்ள ஆக்‌ஷன் கேமராக்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆட்டத்தைக் குறைக்க லென்ஸைத் தாங்கும் மோட்டார் அமைப்பான கிம்பல் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. மூன்று அச்சு கிம்பல் கோணம் மாறுவதைத்தான் சரிசெய்யும். அடியெடுத்து வைக்கும்போது கேமராவே மேலும் கீழும் போய்வந்தால் அதைப் பிடிக்காது. முழங்கையை உடம்போடு ஒட்டி, முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகால் முதலில் படும்படி நடந்தால் அந்தத் துள்ளல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது. பெரிய குறைதான். 65 வாட் பிடி (பவர் டெலிவரி எனும் வேக சார்ஜிங்) சார்ஜரில் 16 நிமிடத்தில் 80 சதவீதம் ஏறும் என்கிறது நிறுவனம். பழைய போன் சார்ஜரில் அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். பிடி வசதியுள்ள பவர் பேங்க் எடுத்துப் போங்கள், விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

உள் நினைவகம் இல்லை. வி30 தர (நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும்) மைக்ரோ எஸ்டி கார்டு தேவை. உச்ச பிட்ரேட் (நொடிக்குப் பதிவாகும் தரவு) 130 எம்பிபிஎஸ், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 128 ஜிபி கார்டில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பதியும்.

ரீல்ஸுக்குத் திரையைச் செங்குத்தாகத் திருப்பினால் கிடைப்பது 3கே தெளிவுதான், 4கே அல்ல.

மணல் உள்ள இடத்தில் கவனம். கிம்பல் மூட்டில் மணல் போனால் மோட்டார் திணறும். பைக்குள் போடும் முன் அணைத்து, கிம்பல் மடங்கிய பிறகு மூடியைப் போடுங்கள். மழையில் வெளியே எடுக்கவே வேண்டாம். அருவி, கடல், படகு என்றே திட்டமிருந்தால் கோப்ரோ ஹீரோ 12 கேமராவே நல்லது: உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும், பேட்டரியும் மாற்றலாம். யானை, பறவை எடுக்க இரண்டுமே உதவாது. பாக்கெட் 3இன் 20 மிமீ அகலக்கோண லென்ஸுக்கு ஆப்டிகல் ஜூம் இல்லை. 4கேயில் 2 மடங்கு டிஜிட்டல் ஜூம்தான்.

புதுக் கேமராவை டிஜேஐயின் மிமோ ஆப்பில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதையும் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் வீட்டு வைஃபையிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.