சோலர் போட்டிருப்பவர்கள் கவனத்திற்கு: கருகாத டொங்கிளுக்கு 28,500 ரூபாய்

யாழ்ப்பாணத்தில் கூரையில் சோலர் போட்டிருப்பவர்கள், அதிலும் வயதான பெற்றோரை வீட்டில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "உங்கள் இன்வேட்டர் அளவீடு அனுப்பவில்லை, உடனே திருத்தாவிட்டால் மின்சார சபை பணம் தராது" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், அவரை வீட்டுக்கு வரச் சொல்வதற்கு முன் சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் பெட்டியின் அடியில் செருகியிருக்கும், அதன் அளவீட்டை இணையம் வழியாகக் கைபேசிச் செயலிக்கு அனுப்பும் வைஃபை டொங்கிளின் விளக்குகளைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரே பொய்யைச் சொல்லி 28,500 ரூபாய் வாங்கினார்கள். நன்றாக இருந்த டொங்கிளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

வீடு கோண்டாவிலில். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். எங்களுடையது 5 கிலோவாட் தொகுதி, பூட்டியதும் இதே நிறுவனம்தான். ஐப்பசியில் ஒருநாள் செயலியில் உற்பத்திக் கோடு நண்பகலுக்குச் சற்று முன் அறுந்து நின்றது. எனக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் செயலியின் தலைமைக் கணக்கு அவர்களிடம்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே அப்பாவுக்கு அழைப்பு வந்தது. பின்னேரம் பையோடு ஓர் இளைஞர் வந்து நின்றார்.

"ஐயா, மழையோடு மின்னல் அடித்திருக்கிறது. டொங்கிள் எரிந்துவிட்டது. இப்படியே விட்டால் நீங்கள் கொடுக்கிற யூனிட் ஒன்றும் சபைக்குத் தெரியாது."

"மின்னல் அடித்திருந்தால் தொலைக்காட்சியும் போயிருக்க வேண்டுமே, தம்பி?"

"அது வேறு லைன், ஐயா."

வேறு லைனாம்! எங்கள் வீட்டில் இன்வேட்டரும் தொலைக்காட்சியும் ஒரே விநியோகப் பெட்டிக்குத்தான் வந்து சேர்கின்றன. ஆனால் மாதாமாதம் வங்கிக்கு வரும் பணம் நின்றுவிடும் என்று சொன்ன பிறகு எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்? அலுமாரியைத் திறந்து எண்ணிக் கொடுத்தார்.

அந்த இளைஞர் வருவதற்கு முன்பே அப்பா டொங்கிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். வேலை முடிந்த பிறகுதான் அதைப் பெரிதாக்கிப் பார்க்க நேரம் கிடைத்தது. எங்கள் வகை டொங்கிளில் மூன்று சிறிய விளக்குகள் உண்டு: நெட், கொம், ரெடி. கொம் எரிந்தால் டொங்கிள் இன்வேட்டரோடு பேசுகிறது என்று பொருள். நெட் எரிந்தால் வீட்டு ரவுட்டரோடு இணைந்திருக்கிறது. அப்பா அனுப்பிய படத்தில் கொம் பளிச்சென்று எரிகிறது, நெட் மட்டும் அணைந்திருக்கிறது. மின்னலில் கருகிய பொருளில் விளக்கு எரியுமா? டொங்கிள் உயிரோடுதான் இருந்தது. வெளியே போகும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. மற்ற வகைகளில் விளக்கின் பெயரும் நிறமும் மாறலாம், ஆனால் இன்வேட்டர் பக்கம் ஒன்று, இணையப் பக்கம் ஒன்று என்பது பெரும்பாலும் இருக்கும். கையேட்டில் ஒரு பக்கத்தில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

வழி ஏன் அடைபட்டது? கோடு அறுந்த அதே முற்பகலில்தான் வீட்டுக்குப் புதிய ஃபைபர் இணைப்பு வந்தது. பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை வைத்தார்கள். வைஃபையின் பெயரும் மாறியது, கடவுச்சொல்லும் மாறியது. கைபேசிகளுக்கு அம்மா புதிய கடவுச்சொல்லைப் போட்டுவிட்டார். கார் கராஜின் சுவரில் இருக்கும் டொங்கிளை யார் நினைப்பார்கள்? அது இல்லாத பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் கொடுக்கும். இந்த டொங்கிள்களில் பெரும்பாலானவை 2.4இல் மட்டும்தான் வேலை செய்யும். ஒரே பெயரில் இருந்தால் சில டொங்கிள்கள் இணையத் தடுமாறும்.

இதற்குக் காசு செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. புதிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் 2.4ஐத் தனியாகப் பிரித்து, அதற்குப் பழைய வைஃபையின் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள். டொங்கிளைத் தொடவே தேவையில்லை, தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய கடவுச்சொல் மறந்துபோனால்தான் டொங்கிள் தானே வெளியிடும் வைஃபையில் கைபேசியை இணைத்துப் புதிய விவரங்களை ஊட்ட வேண்டும். இந்த வேலைக்கு ஆள் அழைத்துக் கூலி கொடுத்தாலும் பரவாயில்லை. புதிய டொங்கிள் எதற்கு?

இனி, அப்பாவைப் பயமுறுத்திய அந்தப் பொய். டொங்கிள் அனுப்புவது நம்முடைய வசதிக்காக, செயலியில் பார்ப்பதற்காக. நமக்கு வரும் பணத்தைத் தீர்மானிப்பது சபை பூட்டிய மீற்றர். அதன் திரை மாறிமாறிக் காட்டும் இலக்கங்களில் 1.8.0 என்ற குறியோடு வருவது நாம் வாங்கிய யூனிட், 2.8.0 என்ற குறியோடு வருவது நாம் கொடுத்த யூனிட். இவை சர்வதேசக் குறியீடுகள். டொங்கிளைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டாலும் 2.8.0 ஏறிக்கொண்டே இருக்கும். நம்பிக்கை வராவிட்டால் வெயில் எறிக்கும் நேரத்தில் ஒருமுறையும் ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு முறையும் குறித்துப் பாருங்கள். இன்வேட்டரின் திரையிலும் அன்றைய உற்பத்தியும் மொத்த உற்பத்தியும் இருக்கும். அந்தத் தொகை மீற்றரின் தொகையோடு ஒத்துவராது. நெட் எக்கவுண்டிங் முறையில் வீட்டில் பயன்படுத்தியது போக எஞ்சியதுதான் வெளியே போகிறது. இந்த வித்தியாசத்தைக் காட்டியும் ஆட்களை வெருட்டுகிறார்களாம், பக்கத்துத் தெருவில் ஒருவர் சொன்னார்.

லண்டனில் இருக்கும் தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அவளுடைய வீட்டு ஸ்மார்ட் எரிவாயு மீற்றரும் போன குளிர்காலத்தில் அளவீடு அனுப்பாமல் நின்றுவிட்டது. அங்கே அந்த மீற்றர் மின்கலத்தில் இயங்குகிறது. அளவீட்டை மின்சார மீற்றரோடு இருக்கும் தொடர்புப் பெட்டிக்குக் கொடுக்க, அந்தப் பெட்டிதான் வெளியே அனுப்புகிறது. வீட்டு வைஃபைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. திருத்துவது விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. அதுவரை அவள் இலக்கத்தைக் கண்ணால் பார்த்துக் கொடுத்தாள். இங்கே குசினியில் சிலிண்டர் வைத்திருக்கும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் டொங்கிள் நம் சொத்து, ரவுட்டர் நம் சொத்து, ஆகவே இடையில் எவரும் புகுந்து விளையாடலாம்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பற்றுச்சீட்டைப் பார்த்தேன். "டொங்கிள் மாற்றம் – மின்னல் பாதிப்பு" என்று நீல மையில் எழுதியிருந்தது. மின்னல் என்ற சொல் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் டொங்கிளுக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை. பழுது என்று எழுதினால் சும்மா மாற்றித் தர வேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் மின்னல் சேதம் விலக்கு.

அடுத்த வேடிக்கை, அவர்கள் பூட்டிவிட்டுப் போன "புதிய" டொங்கிள். அதன் தொடர் இலக்கத்தைச் செயலியில் சேர்க்கப் போனால், இது ஏற்கெனவே வேறொரு மின்நிலையத்தோடு (செயலியின் மொழியில் வேறொரு வீட்டின் சோலர் தொகுதி) இணைக்கப்பட்டிருக்கிறது என்று மறுத்துவிட்டது. கழற்றிப் பார்த்தேன். செருகும் முனையின் திருகு வளையத்தில் பச்சைக் களிம்பு, ஸ்டிக்கரின் ஒரு மூலை நகத்தால் கிள்ளிய மாதிரிச் சுருண்டு கிடந்தது. யாரோ ஒருவருடைய வீட்டில் மழை வெயில் பார்த்த பொருள்.

நிறுவனத்துக்கு அழைத்தேன்.

"அண்ணை, அது எங்கள் களஞ்சியத்தில் பரிசோதித்த பொருள். வருடக் கண்காணிப்புக் கட்டணம் கட்டினால் இங்கிருந்தே சரியாக்கிவிடுவோம்."

"எங்கள் பழைய டொங்கிள் எங்கே?"

"அது கொழும்புக்குப் போய்விட்டது, அண்ணை."

எழுத்தில் கேட்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் பிரதி போகிறது என்று சொன்ன பிறகு, கொழும்புக்குப் போன டொங்கிள் வியக்கத்தக்க வேகத்தில் ஒரு பழுப்புக் கடித உறையில் திரும்பி வந்தது. செருகினேன். ரவுட்டரில் பழைய பெயரைக் கொடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் நெட் விளக்கு எரிந்துவிட்டது. பணம் மட்டும் திரும்பவில்லை.

முறைப்பாடு செய்ய நினைப்பவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பழைய பொருளைக் கழற்றினால் அதை உங்களிடமே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். தொடர் இலக்கம் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். செயலியில் தலைமைக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பார்வையாளராக மட்டும் இருந்தால், பூட்டிய நிறுவனத்திடம் மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நானும் கேட்டுத்தான் வாங்கினேன்.

இன்னொன்று. அவர்கள் புதியது என்று விற்ற டொங்கிள் இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது. அதன் தொடர் இலக்கம் வேறு யாரோ ஒருவருடைய வீட்டுக் கணக்கில்தான் இன்னும் கிடக்கிறது. அண்மையில் உங்கள் டொங்கிளையும் "மின்னல் அடித்துவிட்டது" என்று கழற்றிக்கொண்டு போயிருந்தால், உங்கள் செயலியில் இருக்கும் பழைய தொடர் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களை எனக்கு அனுப்புங்கள். ஒத்துவந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம். உங்கள் முறைப்பாட்டுக்கும் அது சாட்சியாகும், என்னுடையதற்கும் ஆகும்.