மதுரையிலிருந்து லண்டன்: எங்கே மாறினால் நல்லது?

மதுரை விமான நிலையத்தின் ஓடுதளம் 7,500 அடி. லண்டன்வரை நிற்காமல் பறக்கும் பெரிய விமானங்களுக்கு அந்த நீளம் போதாது. ஆகவே வழியில் ஓரிடத்திலாவது இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாகத் தனியே புறப்படும் அப்பா அம்மாவை மனத்தில் வைத்தே இந்த வழிகளை ஒப்பிடுகிறேன்.

நேர்க்கோட்டில் தூரம் சுமார் 8,360 கி.மீ. மும்பையில் மாறினால் இதோடு ஐம்பது கி.மீ.கூடக் கூடாது, துபாய் என்றால் நூறு கி.மீ. அளவுக்குக் கூடும். சென்னை வழி ஏறத்தாழ 8,650, டெல்லி வழி 8,800. எல்லாவற்றிலும் சுற்று வழி கொழும்புதான்; தெற்கே போய் வடமேற்கே திரும்புவதால் 9,000 கி.மீ.யைத் தாண்டிவிடுகிறது.

ஆனால் அந்த 700 கி.மீ. சுற்றை விமானம் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். பயண நேரத்தைத் தின்பது மாறும் இடத்தில் கிடக்கும் காத்திருப்பு. மும்பையில் உள்நாட்டு விமானம் முதல் முனையத்தில் இறங்கினால், பன்னாட்டு விமானம் புறப்படும் இரண்டாம் முனையத்துக்குச் சாலை வழியே போகவேண்டும். இரண்டு டிக்கெட்டுகளும் தனித்தனி என்றால் பெட்டியையும் எடுத்து மறுபடி போடவேண்டும். எடை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: லண்டன் விமானத்தில் 23 கிலோ அனுமதி இருந்தாலும், உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். வடகமும் பருப்புப் பொடியும் அடுக்கிய பெட்டி மதுரையிலேயே கூடுதல் கட்டணம் கேட்கும்.

துபாய் வழியிலும் இதே தொல்லைதான். தனித்தனி டிக்கெட் என்றால் குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே வந்து பெட்டியை எடுக்கவேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. டெல்லியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் அந்த வழியின் நேரம் கூடியது.

என் தேர்வு கொழும்புதான். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இந்தியாவிலிருந்து வெளியேறும் குடியேற்றச் சோதனை மதுரையிலேயே முடிந்துவிடும். அங்கே ஒப்படைத்த பெட்டியை லண்டனில் எடுத்துக்கொள்ளலாம். கொழும்புக்கு ஒரு மணி நேரம், பிறகு லண்டனுக்குப் பதினொரு மணி நேரம்போல. இடையில் வழி கேட்டு அலையத் தேவையில்லை. தமிழில் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் கிடைக்கும். டிக்கெட் எடுக்குமுன் காத்திருப்பு எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் நான் வேறு தேதி பார்ப்பேன்.

சென்னையில் உறவினர் வீடு இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. காலையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறி, எழும்பூர்வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து மின்ரயிலில் நான்காவது நிலையம் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம். ரயிலில் 15 கிலோ தொல்லையும் இல்லை. ஆனால் ரயிலை விட்டு இறங்கி அன்றிரவே விமானம் ஏற வேண்டாம். ஒருநாள் முன்னதாகவே போய், உறவினர் வீட்டில் தூங்கி எழுந்து புறப்படுங்கள்.